சிசுவும் ரோசமும்

கண்டி டவுன்ல ஒரு ஹோட்டல் மண்டபம். ஏசி குளிர். ஒவ்வொரு மேசையிலயும் தண்ணிப் போத்தல், பேனா, ஒரு ஃபைல். டித்வா புயலுக்குப் பிறகு இந்த மாதிரிப் பட்டறைகள் நம்ம பக்கம் நிறைய நடக்குது, நீங்களும் ஒண்ணு ரெண்டுக்குப் போயிருப்பீங்க. நான் போனதுக்குத் தலைப்பு "மீண்டெழும் ஆற்றல்". சுத்துப்பட்டுத் தோட்டங்கள்ல இருந்து நாப்பது பேர் வந்திருந்தோம். பாதிப்பேர் கொழுந்தெடுக்கிறவங்க. அன்னைக்குப் பேர் விழாதுன்னு தெரிஞ்சே வந்தவங்க.

பயிற்சி குடுக்க வந்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அக்கா. நல்லவங்கதான், அதையும் சொல்லிடணும். திரையில பனி மூடின காடு ஒண்ணைப் போட்டாங்க. அதுக்கு மேல பெரிய எழுத்துல ஒரே ஒரு சொல்: சிசு.

எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்த அக்கா என் காதுகிட்ட குனிஞ்சு, "யாரு வீட்டுப் பிள்ள?"ன்னு கேட்டாங்க. சிரிப்பை அடக்க முடியல. தமிழ்ல சிசுன்னா பச்சப்புள்ள. ஆனா இது பின்லாந்துச் சொல். எல்லாப் பக்கமும் அடைபட்ட பிறகும், இதுக்கு மேல முடியாதுன்னு உடம்பு சொன்ன பிறகும், உள்ளுக்குள்ள இருந்து வர்ற ஒரு பலம், அதுதான் சிசுன்னு விளக்கம் சொன்னாங்க. கடைசியா எங்களைப் பார்த்து, "உங்ககிட்ட இருக்கிறதும் இதேதான். இருநூறு வருசமா எவ்வளவு கஷ்டத்தைத் தாங்கியிருக்கீங்க! உலகமே உங்ககிட்ட கத்துக்கணும்"ன்னாங்க. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

கோபம் வந்தது பஸ்ஸுலதான். தலாத்துஓயா தாண்டி மாரஸ்ஸன ஏத்தத்துல பஸ் முக்கிக்கிட்டுப் போகுது, ஜன்னலுக்கு வெளிய புயல்ல சரிஞ்ச மண் இன்னும் சிவப்பாக் கிடக்குது. அப்பதான் தோணுச்சு: நாங்க தாங்கினதுக்கு இவங்க கைதட்டுறாங்க. சரி. நாங்க தாங்கவேண்டி வந்ததுக்கு யாரு காரணம்னு அந்த மண்டபத்துல ஒருத்தர்கூட, நான் உட்பட, கேக்கலையே?

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைப் பத்தித் தேடிப் படிச்சேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் வருது.

சிசுங்கிறதுக்கு வேர்ச்சொல் "உள்ளே", "உள்ளுறுப்பு". அதாவது குடல், வயிறு. பின்லாந்துக்காரன் தைரியத்தை நெஞ்சுல வைக்கல, வயித்துல வெச்சிருக்கான். அந்தச் சொல்லை உலகம் தெரிஞ்சுக்கிட்டது ஒரு யுத்தத்துல. 1939 நவம்பர் 30 அன்னைக்கு சோவியத் படை பின்லாந்துக்குள்ள இறங்கிச்சு. அப்ப அந்த நாட்டு சனத்தொகை நாப்பது லட்சம்கூட இல்ல. அந்தக் கடும் பனிக்காலத்துல 105 நாள் தாக்குப் பிடிச்சாங்க. அமெரிக்காவுல பத்திரிகைகளுக்கு ஆச்சரியம் தாங்கல. 1940 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் டைம்ஸ் ஒரு கட்டுரை போட்டது. பின்லாந்தை விளக்குற ஒரு சொல், சிசு, என்பதுதான் அதன் தலைப்பே.

அந்தத் திகதியைப் பார்த்ததும் என் கை நின்னுபோச்சு. ஏன்னா அதுக்கு நாலு நாள் முன்னாடி, ஜனவரி 10, புதன்கிழமை, நான் தினமும் பஸ்ஸுல போற இதே ஹேவாஹெட்ட மலையில வேற ஒண்ணு நடந்திருக்கு.

முல்லோயாத் தோட்டம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துல இருந்தாங்க. கேட்டது நாட்கூலியில 16 சதம் உயர்வு. அதோட, விரும்பின சங்கத்துல சேர்ற உரிமை. பொலிஸ் சுட்டது. கோவிந்தன்ங்கிற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகின்னு இன்னைக்கும் மேதினத்துல அவர் பேரைச் சொல்றோம். பேரைச் சொல்லிட்டு அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுடுறோம், அது வேற கதை.

கோவிந்தன் செத்ததோட அது முடியல. விசாரணை ஆணைக்குழு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா அங்க கோவிந்தனின் மனைவி சார்பில வாதாடினார். வேலைநிறுத்தம் செய்தவங்க மேல இருந்த வழக்கு விசயத்துல உள்துறை மந்திரி டி.பி. ஜயதிலக்கவுக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் முட்டிக்கிச்சு. கவர்னர் கல்டிகொட் பொலிஸ் பக்கம் நின்னார். மந்திரிகள் கூட்டமா ராஜினாமா செஞ்சாங்க. யோசிச்சுப் பாருங்க: 16 சதம் கேட்ட ஒரு தோட்டத்துச் சண்டை கொழும்புல மந்திரிசபையையே ஆட்டிப் போட்டிருக்கு.

ஒரே வாரத்துல உலகத்தோட ரெண்டு மூலையில ரெண்டு சனம் "இதுக்கு மேல முடியாது"ன்னு நின்னிருக்கு. ஒண்ணுக்கு உலகம் ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு. இன்னொண்ணுக்குக் குடுத்த சொல் "கலகம்". எண்பத்தஞ்சு வருசம் கழிச்சு, அந்த முதல் சொல்லை ஒரு ஸ்லைட்ல போட்டு நமக்கே கொண்டுவந்து தர்றாங்க. அதுவும் நாம எதிர்த்து நின்னதுக்கு இல்ல, தாங்கிக்கிட்டதுக்கு.

என் சண்டை சிசுவோட இல்ல. அதை நமக்கு மொழிபெயர்க்கிற விதத்தோட. பின்லாந்துக்காரன் சிசுன்னு சொல்றப்ப அதுக்குள்ள எதிர்ப்பு இருக்கு, எதிரி இருக்கான், எல்லைக்கோடு இருக்கு. நம்மகிட்ட வரும்போது எதிரி காணாமப் போயிடுறான். துரை இல்ல, கம்பனி இல்ல, அரசாங்கம் இல்ல. "கஷ்டம்"னு ஒரு பொதுவான மழை மாதிரி ஏதோ ஒண்ணு மட்டும் மிஞ்சுது. மழையோட யாரு சண்டை போட முடியும்? குடை பிடிக்கத்தான் முடியும். அந்தக் குடைக்குப் பேர்தான் அந்தப் பட்டறை.

அந்த யுத்தத்துக்குப் பிறகு பின்லாந்துல நடந்ததை அந்த ஸ்லைட் சொல்லல. தோத்ததால கரேலியாங்கிற பெரிய நிலப்பகுதியைச் சோவியத்துக்கு விட்டுக்குடுக்க வேண்டி வந்துச்சு. அங்க இருந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் மூட்டை முடிச்சோட மிச்ச நாட்டுக்குள்ள வந்து சேர்ந்தாங்க. கிட்டத்தட்ட எட்டுப் பேர்ல ஒருத்தர் அகதி. நாடோ ஓட்டாண்டி. போதாக்குறைக்கு சோவியத்துக்கு நட்டஈடு வேற கட்டணும். அந்த நிலையில அவங்க, "உங்ககிட்ட சிசு இருக்கே, சமாளிச்சுக்கோங்க"ன்னு சொல்லல. 1945-ல காணிச் சட்டம் ஒண்ணு கொண்டுவந்தாங்க. அரசாங்கத்துக்கிட்ட, கம்பனிகள்கிட்ட, சபைகள்கிட்ட, பெரிய நிலக்காரங்ககிட்ட இருந்து காணியை எடுத்து, வந்தவங்களுக்கும் போர்ல இருந்து திரும்பினவங்களுக்கும் போர் விதவைகளுக்கும் பிரிச்சுக் குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமா மதியச் சாப்பாடுன்னு 1943-லயே, யுத்தத்துக்கு நடுவுல, சட்டம் போட்டுட்டாங்க. 1948-ல அது முழுசா நடைமுறைக்கு வந்துடுச்சு.

(பின்லாந்து ஒண்ணும் கோயில் இல்ல. 1941-ல நாஜி ஜெர்மனியோட பக்கத்துல நின்னு சண்டை போட்டவங்கதான். வடக்குல இருக்கிற சாமி பழங்குடி மக்கள்கிட்ட கேட்டா அவங்க காணிக் கதை வேற மாதிரி இருக்கும்.)

1948-ல அங்க பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அதே 1948-ல இங்க என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல. 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். முந்தின வருசத் தேர்தல்ல இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் ஜெயிச்சது; அதுக்கு விழுந்த அடி. லட்சக்கணக்கான நம்ம சனம் ஒரே கையெழுத்துல நாடில்லாதவங்க ஆனாங்க. 1964-ல சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்கன்னு பங்கு போட்டாங்க. மிச்சம் ஒண்ணரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம்னு வெச்சாங்க. மனுசனை மிச்சம் வெக்கிற கணக்கு. 1974-ல அதையும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. நாடற்றவர்னு மிஞ்சியிருந்தவங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்கிற சட்டம் 2003-லதான் வந்தது. ஐம்பத்தஞ்சு வருசம்.

அவங்ககிட்ட இருந்த உள்வலிமை சட்டமாச்சு, காணியாச்சு, சாப்பாடாச்சு. நம்மகிட்ட இருந்தது தேயிலையாச்சு.

1974-ன்னு சொன்னதும் என் அம்மாயி ஞாபகம் வருது. தோட்டங்கள்ல பஞ்சம் வந்த வருசங்கள் அவை. அரிசி இல்ல, மா இல்ல, வேலை நாள் குறைஞ்சுபோச்சு, சனம் கண்டித் தெருவுல கையேந்தி நின்னுச்சு. அம்மாயிக்கு அப்ப ரெண்டு பிள்ளைகள். வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்க. "எப்படி அம்மாயி தாங்கினீங்க?"ன்னு சின்ன வயசுல நான் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டிருக்கேன். அவங்க என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, "தாங்கினேன்னு யாரு சொன்னா? ஒண்ணு போயிருச்சே"ன்னாங்க. ரெண்டு பிள்ளையில ஒண்ணு. அதுக்கு மேல நான் கேக்கல. சிசுன்னா தமிழ்ல என்னன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

இதுல ஒரு கசப்பான விசயமும் இருக்கு. அந்தப் பஞ்ச காலத்துல பெருந்தோட்டத்துறை மந்திரியா இருந்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? முல்லோயாக் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடின அதே கொல்வின் ஆர். டி சில்வா. நல்லவங்க நம்ம பக்கம் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிற தோழர்களுக்காக இதை இங்க வெக்கிறேன்.

பட்டறை நடத்துறவங்களை மட்டும் திட்டினா அது நேர்மையில்ல. நாமளும் இதைத்தான் செய்யிறோம். நம்ம கவிதைகளை எடுத்துப் பாருங்க. எத்தனை கவிதையில தேயிலைச் செடிக்கு அடியில எலும்பு கிடக்கு, எத்தனை கவிதையில தேத்தண்ணியில ரத்தம் கலந்திருக்கு! நானே நாலு எழுதியிருக்கேன். மேடையில வாசிச்சா கைதட்டு விழும். வாசிச்சு முடிச்சதும் எல்லாருமா ஒரு தேத்தண்ணி குடிப்போம். 2023-ல தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்து வந்த பாதையிலேயே, சனம் பதினாறு நாள் நடந்தாங்க. காணி வேணும், வீடு வேணும், சமமான குடிமக்களா நடத்தணும்னு கோரிக்கைகளோட நடந்த நடை அது. நாம பகிர்ந்ததெல்லாம் கால் கொப்புளம் போட்டோக்கள். கோரிக்கையில ஒண்ணைச் சொல்லுங்கன்னு இப்ப கேட்டா நம்மள்ல எத்தனை பேர் சொல்வோம்?

வேதனையை அழகாக்கிப் பழகிட்டோம்.

தாங்குறதுங்கிற சொல்லை யோசிக்கும்போது இந்த ரோட்டுல நடந்த இன்னொரு கதையும் வருது. 1867-ல லூல்கந்துரவுல முதன்முதலா வர்த்தகத்துக்குத் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892-ல செத்தார். அவரைத் தொழிலாளர்கள் மாறி மாறித் தோள்ல சுமந்துக்கிட்டு மலையிறங்கிக் கண்டிக்குக் கொண்டுவந்தாங்க. மஹியாவ மயானத்துல கல்லறை இருக்கு, சுற்றுலாக்காரங்க போய்ப் பார்ப்பாங்க. சுமந்தவங்க பேர் எங்கயும் இல்ல. அதே மஹியாவவுலதான் கண்டி நகரத்தைக் கூட்டிப் பெருக்குற நம்ம சனம் குடியிருக்கு. பெரஹெரா முடிஞ்ச விடியக்காலையில தெருவுல விளக்குமாறோட நிக்கிறவங்க. அவங்களையும் யாராவது பாராட்டாம இருக்க மாட்டாங்க, ஊர் சுத்தமா இருக்குன்னு.

"அப்ப மனவலிமையே வேணாமா? விழுந்தவன் எழும்பவே கூடாதா?"ன்னு ஒரு தம்பி இதோட முதல் வரைவைப் படிச்சுட்டுக் கேட்டான். நியாயமான கேள்வி. விழுந்தா எழும்பத்தான் வேணும். காலையில அஞ்சு மணிக்கு எங்க அம்மா முட்டிவலியோட எழும்பி, ரொட்டி சுட்டு வெச்சுட்டு, படங்கைக் கட்டிக்கிட்டுப் பிரட்டுக்குப் போறாங்களே, அந்த எழும்புதல் இல்லாம நான் படிச்சிருக்கவே மாட்டேன். அதை நான் கேலி பண்ணல. ஆனா அது அம்மாவோட சொத்து. அதை எடுத்துக் கணக்குல வரவு வெக்கிற உரிமை கம்பனிக்கோ அரசாங்கத்துக்கோ கிடையாது. "இந்தச் சனம் எதையும் தாங்கும்"ங்கிறது முதல்ல பாராட்டா இருக்கும். பிறகு அதுவே திட்டமாகும்.

பின்லாந்து ஆய்வாளர்களே இதைக் கவனிச்சிருக்காங்க. சிசுவை அளக்க 2022-ல ஒரு அளவுகோல் வெளியிட்டாங்க. அதுல சிசு ரெண்டு வகை: நன்மை செய்யிறது, தீங்கு செய்யிறது. உதவி கேக்க மறுக்கிறது, உடம்பு கெட்டாலும் நிறுத்தாம ஓடுறது, தன்னைப் போலவே மத்தவங்களும் ஓடணும்னு இரக்கமில்லாம எதிர்பார்க்கிறது, இதெல்லாம் ரெண்டாவது வகையில வருது. நம்ம பக்கம் இறக்குமதியாகிறது எந்த வகைன்னு நீங்களே பாருங்க.

சிசுன்னாங்களே, நம்ம சிசுக்களோட கணக்கையும் பார்த்துடுவோம். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வுப்படி, நாட்டுல அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள்ல 17.3 வீதம் வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க. தோட்டப்புறத்துல அது 31.7 வீதம். பிள்ளைமடுவத்துல இருக்கிற மூணு பிள்ளையில ஒண்ணு. அந்தப் பிள்ளைக்கிட்ட எவ்வளவு உள்வலிமை இருந்தாலும் அது ரெண்டு அங்குலம் கூட வளர உதவாது. முட்டை உதவும். பால் உதவும். அம்மாவோட சம்பளம் உதவும். அந்தச் சம்பளமோ, ஆயிரம் ரூபா வேணும்னு வருசக்கணக்காக் கத்தி 2021-ல வர்த்தமானியில வந்தப்ப, விலைவாசி அதைத் தின்னு முடிச்சிருந்துச்சு. 2024-ல 1,350. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்துல 1,750ன்னாங்க, அதுலயும் 200 அரசாங்கம் குடுக்கிறது. கிலோ குறைஞ்சா அரைப்பேர்ங்கிறது மட்டும் மாறவே இல்ல.

டித்வாவுக்கு வர்றேன், பட்டறையே அதுக்காகத்தானே. 2025 நவம்பர் கடைசியில வந்துச்சு. நாடு முழுக்க 600-க்கு மேல சாவு, மிக மோசமா அடிபட்ட மாவட்டங்கள்ல நம்ம கண்டி ஒண்ணு. எங்க லயத்துக்குப் பின்னால மண் இறங்கி, ரெண்டு காம்பராவை மூடிச்சு. நல்லவேளை ஆள் இல்ல. மண்சரிவு எல்லாருக்கும் வந்துச்சு, கிராமத்துக்கும் வந்துச்சு, டவுனுக்கும் வந்துச்சு, அதுல நமக்குத் தனிக் கணக்கு இல்ல. ஆனா வீடு போனவர் எல்லாரும் ஒரே நிலைமையில இல்ல. கிராமத்து ஆள்கிட்ட ஒரு உறுதி இருக்கும், எல்லை காட்ட ஒரு வேலி இருக்கும், "இது என் இடம், இதுக்குப் பதிலா இடம் குடு"ன்னு கேக்கலாம். நாம எதைக் காட்டுறது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். காணி அரசாங்கத்துக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. நமக்குச் சொந்தமானது மண்ணுக்கு அடியில போன அலுமாரி மட்டும்தான். ஏழு பேர்ச் காணி, தனிவீடுன்னு அறிவிச்சதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்ப கல்யாணம் முடிச்சு அதே காம்பராவைப் பலகை போட்டு ரெண்டாப் பிரிச்சுக் குடியிருக்காங்க.

2014 அக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில லயத்தோட புதைஞ்சாங்களே, அந்த இடம் ஆபத்தானதுன்னு 2005-லயும் 2011-லயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிச்சிருந்தது. எச்சரிக்கை இருந்துச்சு, போறதுக்கு இடம் இல்ல. இதுக்கு மனவலிமைப் பயிற்சி என்ன செய்யும்? மண்ணு கீழ வர்றப்ப நாம மேல பார்த்து நேர்மறையாச் சிந்திக்கணுமா?

எங்க பக்கம் ஒரு சொல் இருக்கு: ரோசம். வடக்குல, கிழக்குல நம்ம சிநேகிதங்க ஓர்மம்னு சொல்வாங்க, அது சிசுவுக்குக் கொஞ்சம் கிட்ட வரும். ஆனா ரோசம் வேற. தாங்குறவனுக்கு ரோசம்னு சொல்ல மாட்டோம். நிறுவையில அரைக்கிலோ கழிச்சப்ப கூடையைக் கீழ வெச்சுட்டு "திருப்பி நிறு"ன்னு சொன்னாளே, அவளுக்கு ரோசம். துரை பிள்ளையைப் பேரைச் சொல்லாம வேற எதையோ சொல்லிக் கூப்பிட்டப்ப திரும்பிப் பார்க்காமப் போனானே, அவனுக்கு ரோசம். கோவிந்தனுக்கு இருந்ததும் அதுதான். 1977 மே 11, டெவன் தோட்டத்துல, ஏழாயிரம் ஏக்கரைப் பிரிச்சு எடுக்கிறதை எதிர்த்து நின்னு சூட்டுக் காயத்துல செத்தாரே சிவனு லட்சுமணன், அவருக்கு இருந்ததும் அதுதான். ரோசத்துக்கு எதிர்ல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். தனியா உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டு ரோசப்பட முடியாது.

அதனாலதான் ரோசத்துக்குப் பட்டறை வெக்கிறதில்ல போல.

அன்னைக்குப் பட்டறை முடிஞ்சதும் ஆளுக்கொரு படிவம் குடுத்தாங்க. "இன்று நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?"ன்னு கேட்டு நாலு வரி இடம் விட்டிருந்தாங்க. பக்கத்துல இருந்த அக்காவுக்கு எழுத வராது, என்கிட்ட நீட்டினாங்க. "என்னா எழுதணும்க்கா?"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "லயம் ஓடைஞ்சு மூணு மாசம் ஆகுது. ஸ்கூல் மண்டபத்துல இருந்து எங்கள எப்ப, எந்தக் காணிக்கு அனுப்புவாங்கன்னு கேட்டு எழுது. என் பேர், டிவிசன், எல்லாம் போடு"ன்னாங்க. எழுதினேன். நாலு வரி பத்தல, பின்பக்கமும் எழுதினேன். பெருவிரல் வெக்கட்டுமான்னு கேட்டாங்க, வைங்கன்னேன், பேனா மையைத் தடவி வெச்சாங்க.

படிவம் சேர்க்க வந்த பிள்ளை அதை வாசிச்சுட்டு, "இது அதுக்கான ஃபோர்ம் இல்லையே அக்கா"ன்னு திருப்பிக் குடுத்துச்சு.

அந்தத் தாள் இப்ப என்கிட்டதான் இருக்கு. வர்ற திங்கக்கிழமை பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோறோம். எங்க லயத்துல இருந்து இன்னும் பதினேழு பேர் எழுதித் தந்திருக்காங்க.